அப்பா யார் என்பதைச் சட்டம் நேராகக் கேட்பதில்லை

1980களின் கடைசியில் கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு ஜீவனாம்ச வழக்கு நடந்தது. கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்ற ஒரு பெண், குழந்தையின் செலவுக்குப் பணம் கேட்டார். குழந்தை தன்னுடையது இல்லை என்றார் எதிர்த்தரப்பு ஆள். இந்த மாதிரி வழக்குகளில் அதுவரை நடந்ததெல்லாம் அவள் சொல், அவன் சொல், அக்கம்பக்கத்தார் சொல் என்ற இழுபறிதான். மாஜிஸ்திரேட் இந்த முறை ரத்த மாதிரிகளை ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். விஞ்ஞானி லால்ஜி சிங் சோதித்து, அந்த ஆள்தான் தந்தை என்று சாட்சி சொன்னார். 1991இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இந்திய நீதிமன்றத்துக்குள் டிஎன்ஏ சோதனை நுழைந்த முதல் வழக்கு என்று இதைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். கொலையோ கொள்ளையோ இல்லை, ஒரு குழந்தையின் சோற்றுக்கான வழக்கு.

தந்தை யார் என்ற அறிவியல் கேள்விக்கு அப்போதே விடை வந்துவிட்டது. சட்டக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. திருமணமாகாத பெற்றோருக்குப் பிறந்த ஓர் இந்துப் பிள்ளை இப்படி ஒரு தீர்ப்பைக் கையில் வைத்திருந்தாலும், அதைக் காட்டி மாதப் பணம் வாங்கலாமே தவிர, தந்தை உயில் எழுதாமல் இறந்துபோனால் அவருடைய வீட்டில் பங்கு கேட்க முடியாது. டிஎன்ஏ அறிக்கையில் 99.99 சதவீதம் என்று போட்டிருந்தாலும் முடியாது.

ஏனென்றால், "இவர்தான் இந்தப் பிள்ளையின் தந்தை" என்று ஒருமுறை நிறுவிவிட்டால் எல்லா உரிமையும் கூடவே வந்து சேரும் என்ற ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லை. ஜீவனாம்சத்துக்கு ஒரு சட்டம், சொத்துக்கு வேறொன்று, காப்பாளர் உரிமைக்கு இன்னொன்று, பிறப்புச் சான்றிதழுக்கு மற்றொன்று. தந்தைமை என்பது இந்த வழக்குகளில் எதையாவது நடத்தும்போது வழியில் கிடைக்கிற முடிவு, அவ்வளவுதான். விவரம் தெரிந்த குடும்ப வழக்கு வக்கீலிடம் போனால் "அப்பா யாரு?" என்று தொடங்க மாட்டார். "எதுக்காக நிரூபிக்கணும்?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் எந்த நீதிமன்றம், என்ன ஆதாரம், கடைசியில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் முடிவாகிறது.

ஒப்புக்கொள்ள ஒரு படிவம் இல்லை

அமெரிக்காவில் திருமணமாகாத தம்பதிக்குப் பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு தாளை நீட்டுவார்கள். தாயும் தந்தையும் கையெழுத்துப் போட்டால் அந்த ஆள் சட்டப்படி தந்தை. மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம். அதற்குப் பிறகு அந்தத் தாளுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் வந்துவிடும். 1990களில் மத்திய அரசே எல்லா மாநிலங்களிலும் இதைக் கட்டாயமாக்கியது. நோக்கம் ஒன்றும் பெரிய மனிதாபிமானம் இல்லை. தந்தையைப் பிடித்தால் அரசு தரும் உதவித்தொகை மிச்சமாகும் என்ற கணக்குதான் பின்னால் இருந்தது. ஆனாலும் வழி திறந்தது. இலங்கையிலும் பிறப்புப் பதிவுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. பெற்றோர் மணமாகாதவர்களாக இருந்தால், தாயும் தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டால் மட்டுமே பதிவாளர் தந்தையின் பெயரை எழுதலாம்.

இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் இப்படி ஒப்புக்கொள்வதற்கென்று ஒரு நடைமுறை கிடையாது. சந்தோஷமாக முன்வருகிற தந்தைக்கும் தனிப் படிவம் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்கும்போது சொன்ன பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். அது ஓர் ஆதாரம், முடிவான நிரூபணம் அல்ல. யார் சொல்லி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து அதன் எடை கூடும் குறையும். தந்தையே தகவல் கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தால் பின்னாளில் அவர் அதைத் தாண்டி ஓடுவது கஷ்டம். தாய் மட்டும் சொல்லி எழுதியிருந்தால் "எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டார்கள்" என்ற ஒரே வரியில் தப்பிக்கப் பார்ப்பார்.

கல்யாணமானவர்களுக்கு ஒரு குறுக்கு வழி

மணமான தம்பதிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 112ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. திருமணம் நடப்பில் இருக்கும்போதோ, திருமணம் முறிந்து தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும் நிலையில் 280 நாளுக்குள்ளோ குழந்தை பிறந்தால், அது அந்தக் கணவருக்குப் பிறந்த சட்டப்படியான பிள்ளை என்பதற்கு அதுவே முடிவான சான்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமில் இது 116ஆவது பிரிவு. சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறின, விதி மாறவில்லை. 280 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம். நம் பாட்டிமார் சொல்லும் பத்து மாதக் கணக்கை 28 நாள் மாதமாகப் போட்டுப் பாருங்கள்.

இந்த ஊகத்தை உடைக்க ஒரே வழி, கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் அணுகவே வாய்ப்பு இல்லை என்று காட்டுவது. மனைவி வேறொருவருடன் பழகினார் என்று நிரூபித்தால் போதாது. கணவர் அப்போது ஊரிலேயே இல்லை, அல்லது சிறையில் இருந்தார் என்கிற அளவுக்கு வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே கருவுற்று, கல்யாணம் ஆன மறுநாள் குழந்தை பிறந்தாலும் இந்த ஊகம் காப்பாற்றும். குழந்தை பிறந்த மறுநாள் கல்யாணம் செய்துகொண்டால் காப்பாற்றாது. ஒரு நாள் வித்தியாசம்தான். பிற்பாடு நடக்கும் திருமணத்தால் முன்பே பிறந்த பிள்ளை தானாகச் சட்டப்படியான பிள்ளை ஆகிவிடும் என்ற விதி சில நாட்டுச் சட்டங்களில் உண்டு, இந்துச் சட்டத்தில் இல்லை.

மணமாகாத தாயின் குழந்தைக்கு இந்த ஊகம் கிடையாது என்பது இழப்புதான். ஆனால் அதில் ஓர் ஆதாயமும் ஒளிந்திருக்கிறது. ஊகம் இல்லாததால் உண்மையைத் தேட விடாமல் தடுக்கும் சுவரும் இல்லை. சட்டத்தின் பார்வையில் ரொம்பச் சிக்கலான நிலை மூன்றாவது ஒன்று: தாய்க்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஆனால் பிள்ளையின் தந்தை கணவர் அல்ல, வேறொருவர்.

அப்படிப்பட்ட வழக்குதான் என்.டி. திவாரி வழக்கு. உத்தரப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதல்வராக இருந்தவர், ஆந்திர ஆளுநராக இருந்தவர். அவர்தான் தன் தந்தை என்று அறிவிக்கக் கோரி ரோஹித் சேகர் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ரோஹித் பிறந்தபோது அவருடைய தாய்க்கு வேறொருவருடன் திருமணம் நடப்பில் இருந்தது. சட்டப்படியான பிள்ளையா என்பது ஒரு கேள்வி, உயிரியல் தந்தை யார் என்பது வேறு கேள்வி என்று பிரித்துப் பார்த்த நீதிமன்றம், 2010 டிசம்பரில் டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிட்டது. திவாரி மறுத்தார், மேல்முறையீடு செய்தார், தள்ளிப்போட்டார். தேவைப்பட்டால் போலீஸ் உதவியுடன் ரத்தம் எடுக்கலாம் என்று 2012 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் சொன்ன பிறகுதான் மே மாதம் டேராடூன் வீட்டில் மாதிரி எடுத்தார்கள். ஜூலையில் முடிவு வந்தது. தந்தை திவாரிதான். 2014இல் அவர் மகனைப் பகிரங்கமாக ஏற்று, அதே வருஷம் ரோஹித்தின் தாயைத் திருமணமும் செய்துகொண்டார்.

அந்த வழக்கு பத்திரிகையில் வந்த அளவுக்கு, அதன் பிறகு வந்த திருப்பம் வரவில்லை. 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. தாயின் திருமணம் நடப்பில் இருந்தபோது பிறந்த மகன், வேறொருவர்தான் தன் உயிரியல் தந்தை என்று சொல்லி ஜீவனாம்சம் கேட்டார். தாயும் அவருடைய கணவரும் அப்போது ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். சட்டப்படியான பிள்ளை என்று ஆகிவிட்டால் தந்தைமையும் அதோடு தீர்ந்தது, இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க முடியாது என்றது நீதிமன்றம். வெளி ஆள் ஒருவரை டிஎன்ஏ சோதனைக்கு இழுப்பது அவருடைய அந்தரங்க உரிமையையும் தாயின் கண்ணியத்தையும் பாதிக்கும் என்றும் சொன்னது. ரோஹித் சேகர் இன்று வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தாய்க்குக் கல்யாணமே ஆகாத பிள்ளையை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

பணம் கேட்கும் வாசல்

திருமணமாகாத தாய்க்கு நடைமுறையில் எளிதாகத் திறக்கும் வாசல் ஜீவனாம்சம்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மைனர் பிள்ளை சட்டப்படியானதோ அல்லாததோ, தந்தை செலவுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எந்த மதம் என்று பார்ப்பதில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆவது பிரிவிலிருந்தே இது இருக்கிறது. பிரிட்டிஷ் அரசுக்கு அந்தக் குழந்தைகள் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்து அரசுக்குச் சுமையாகக் கூடாது என்பதே அடிப்படை. குடும்பச் சட்டத்தில் இருக்க வேண்டிய விஷயம் குற்றவியல் சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

அந்த வரலாறு இன்றைக்கும் உதவுகிறது. இது சுருக்க விசாரணை. சொத்து வழக்குபோல் முழு நிரூபணம் கேட்பதில்லை. குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊர்களில் அங்கே, இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். எதிர்த்தரப்பு ஆள் இருக்கும் ஊரிலோ, தாயோடு அவர் கடைசியாகச் சேர்ந்து வசித்த ஊரிலோ போடலாம். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் அந்த மனுவை முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முன்பெல்லாம் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. 2001இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இது தவிர, இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவிலும் சிவில் வழியாகக் கேட்கலாம்.

ஆதாரம் என்றால் என்ன? ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சம்மதக் கையெழுத்து போட்ட தாள், வாடகை ஒப்பந்தம், சேர்ந்து எடுத்த போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல், மாதாமாதம் போட்ட ஜிபே பணம், பள்ளி விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்து. இரண்டு பேரும் பழகியதை நேரில் கண்ட உறவினர், வீட்டுக்காரர் சாட்சியமும் சேரும். போனில் இருப்பதை வெறும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாது. மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கோபத்தில் மெசேஜை அழித்துவிடுவது அதைவிட மோசம்.

தமிழ்நாட்டில் பல பெண்கள் இந்த வாசலுக்கு வருவதற்கு முன் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்ற புகார். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் அப்படி வாக்குறுதி கொடுத்து உறவு கொண்டால் பத்து வருஷம்வரை சிறை என்று 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸ் வழக்கில் மருத்துவப் பரிசோதனையும் டிஎன்ஏவும் சீக்கிரம் நடக்கும், சிவில் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற நினைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. நினைப்பில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குற்ற வழக்கு தண்டிக்கத்தான். ஆள் விடுதலையாகிவிட்டாலும் பிள்ளைக்குத் தந்தை அவர்தானா என்ற கேள்வி தனியாக நிற்கும். ஜீவனாம்ச மனுவைத் தனியாகப் போட்டே ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, சமரசப் பேச்சில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிற தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை பிள்ளையுடையது, தாய் அதை எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது.

சோதனைக்கு மறுத்தால்

டிஎன்ஏ சோதனை கேட்டவுடன் கிடைக்காது. கேட்டால் கொடுத்துவிடும் வழக்கம் கூடாது, சும்மா துழாவிப் பார்ப்பதற்காக உத்தரவிடக் கூடாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் போட்ட விதிதான் இன்றும் அடிப்படை. 2010இல் "மிக அவசியமான தேவை" இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகு நீதிமன்றங்கள் இன்னும் எச்சரிக்கையாகிவிட்டன. 2023இல் வந்த ஒரு விவாகரத்து வழக்கில், கணவன் மனைவி சண்டைக்குக் குழந்தையின் மரபணுவை ஆயுதமாக்கக் கூடாது, தன் பிறப்பைச் சந்தேகத்துக்குள்ளாக்காமல் இருக்கக் குழந்தைக்கும் உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை மணமான தம்பதிகளைப் பற்றியவை. அங்கே சோதனை கேட்பவர் பெரும்பாலும் கணவர், நோக்கம் தந்தைமையை மறுப்பது. மணமாகாத தாயின் வழக்கில் நிலைமை தலைகீழ். சோதனை கேட்பது பிள்ளையின் தரப்பு, நோக்கம் நிலைநாட்டுவது. காப்பாற்ற வேண்டிய சட்ட அந்தஸ்து ஒன்றும் அந்தக் குழந்தைக்கு இல்லை. இழக்க எதுவும் இல்லாத குழந்தைக்கு, அந்தஸ்தைக் காப்பாற்றுவதற்கென்று சொல்லப்பட்ட காரணங்களை வைத்தே சோதனையை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்தத் தீர்ப்புகளைத்தான் அடுக்குவார்கள், பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். முதலில் மற்ற ஆதாரங்களை வைத்து, மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் பலம் இருக்கிறது என்று காட்டிவிட்டுச் சோதனை கேட்பதுதான் வழி.

உத்தரவு போட்டும் ரத்தம் தர மறுத்தால்? பொதுவாக ஆளைப் பிடித்துக் கட்டிப்போட்டு எடுப்பதில்லை. திவாரி வழக்கு விதிவிலக்கு. வழக்கமாக, "சோதனைக்குப் போயிருந்தால் முடிவு உமக்கு எதிராகத்தான் வந்திருக்கும்" என்று அவருக்குப் பாதகமாக ஊகித்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2003லும் 2014லும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. அதனால் மறுப்பதும் ஒருவகையில் பதில்தான்.

சோதனை முறை எளிது. தாய், பிள்ளை, தந்தை என்று சொல்லப்படுபவர் மூவரிடமும் ரத்தமோ கன்னத்தின் உள்பக்கப் பஞ்சு மாதிரியோ எடுப்பார்கள். மரபணுவில் குறிப்பிட்ட பல இடங்களை ஒப்பிடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்கு ஒரு பாதி தாயிடமிருந்து வந்திருக்கும், மறுபாதி தந்தையிடம் இருந்தாக வேண்டும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் தந்தை இல்லை என்பது உறுதி. தமிழ்நாட்டில் சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கு அனுப்புவது வழக்கம். யார் எடுத்தார்கள், யார் சீல் வைத்தார்கள் என்ற சங்கிலி அறாமல் இருப்பது அறிவியல் அளவுக்கு முக்கியம். ஆன்லைனில் கிட் வாங்கித் தனியார் லேபில் ரகசியமாகச் செய்த சோதனை மனசு ஆறுவதற்கு உதவும், நீதிமன்றத்தில் நிற்காது. ஆள் இறந்துபோயிருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார் மாதிரிகளை வைத்துப் பார்க்கலாம். மகனாக இருந்தால் ஆண் வழியில் மாறாமல் வரும் ஒய் குரோமோசோமும் உதவும். ஆனால் தந்தை உயிரோடு இருக்கும்போது கிடைக்கும் அளவுக்கு உறுதி கிடைக்காது, உறவினரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

தாலி கட்டினாரா இல்லையா

சொத்து விஷயத்துக்கு வந்தால் சட்டம் வினோதமாக இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, சட்டப்படியல்லாத பிள்ளைக்கு உறவு தாயோடு மட்டும்தான். தாயின் சொத்தில் பங்கு உண்டு, தந்தையின் சொத்தில் கிடையாது. பழைய இந்துச் சட்டம் இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் சூத்திரர் என்று வகைப்படுத்தப்பட்ட சாதிகளில், நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குப் பிறந்த மகனுக்குத் தந்தை சொத்தில் ஒரு பங்கை மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட மரபு தந்தது. சாதிப் பாகுபாட்டின் மேல் கட்டிய விதி, மகளைக் கணக்கிலேயே எடுக்காத விதி. இருந்தாலும் உரிமை இருந்தது. முற்போக்கான சட்டம் என்று கொண்டாடப்பட்ட 1956ஆம் ஆண்டுச் சட்டம் சாதி வேறுபாட்டை நீக்கியபோது அந்த உரிமையும் சேர்ந்து போயிற்று.

இதற்கு ஒரு விதிவிலக்கை இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தருகிறது. திருமணம் செல்லாததாக இருந்தாலும் அதில் பிறந்த பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான். முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவதாகத் தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது, பிள்ளை செல்லும். 2023 செப்டம்பரில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் தாமே சம்பாதித்த சொத்தில் மட்டும் இல்லை, கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தைக்கு வந்திருக்கக்கூடிய பங்கிலும் உரிமை உண்டு என்று தீர்த்துவைத்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனைவி இருக்கும்போதே சின்ன வீட்டுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டியவரின் பிள்ளைக்குப் பங்கு உண்டு. கல்யாணமே ஆகாத இரண்டு பேர், யாரையும் ஏமாற்றாமல், சடங்கு எதுவும் வேண்டாம் என்று சேர்ந்து வாழ்ந்து பெற்ற பிள்ளைக்கு 16ஆவது பிரிவால் பிரயோஜனம் இல்லை. அங்கே "செல்லாத திருமணம்"கூட இல்லையே! அதனால்தான் தமிழ்நாட்டுப் பாகப்பிரிவினை வழக்குகளில் பிள்ளை யாருடையது என்பதைவிட, தாலி கட்டினாரா, எந்தக் கோயில், யார் சாட்சி, போட்டோ இருக்கிறதா என்பதைப் பற்றியே அவ்வளவு குறுக்கு விசாரணை நடக்கிறது.

சடங்கு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு சலுகை உண்டு. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தின்படி, இரண்டு இந்துக்கள் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று அறிவித்து, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஐயர், அக்னி எதுவும் வேண்டாம். வக்கீல் அறையில் வைத்துச் செய்த சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "நாங்க கல்யாணமே பண்ணிக்கல" என்று நினைத்துக்கொண்டிருக்கும் சில ஜோடிகள் நண்பர்கள் நடுவில் மாலை மாற்றிய அந்தச் சாயங்காலம், பிள்ளையின் வழக்கில் திருமணமாகவே நிரூபணம் ஆகலாம்.

அதுவும் இல்லையா? நீண்டகாலம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து, ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், திருமணம் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கும். 1978இல் ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஜோடியைப் பற்றிய வழக்கிலும், 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன சொத்து வழக்கிலும், 2022இல் கேரள வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த ஊகத்தை ஏற்றுக்கொண்டது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகையில் போட்ட "இவர்களின் மகன்" என்ற வரி, காதுகுத்துக்கு வந்தவர்களின் மொய் நோட்டு எல்லாம் இங்கே பேசும். ஒருவருக்கு ஏற்கெனவே வேறு மணம் நடப்பில் இருந்தால் இந்த ஊகம் எடுபடாது.

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் தந்தை மனசு வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். தான் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். பத்திரத்தில் "என் மகள்" என்று எழுதிவிட்டால் அதுவே பின்னால் பெரிய ஆதாரமும்கூட. இதைச் செய்யாமல் இறந்துபோனவரின் பிள்ளைதான் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு நிற்பார். மற்ற வாரிசுகள் ஆட்சேபித்த உடனே, தகராறு இருக்கிறது, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று மனு திரும்பிவரும்.

இஸ்லாமியச் சட்டத்தில் தந்தை ஒப்புக்கொள்வதற்குப் பெரிய மதிப்பு உண்டு. பெற்றோருக்குள் திருமணம் நடந்திருக்கலாம் என்ற நிலையில் "இது என் பிள்ளை" என்று அவர் ஏற்றால் வம்சம் நிலைபெறும். திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்று நிரூபணமான பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி மரபில் தாயின் வழியில் மட்டும் பங்கு. மதம் எதுவாக இருந்தாலும் இந்த வேறுபாட்டையே எடுத்துவிட்ட மாநிலம் உத்தராகண்ட். 2025 ஜனவரி 27இல் அங்கே நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழும் ஜோடிக்குப் பிறந்த பிள்ளையையும் சட்டப்படியான பிள்ளை என்கிறது. அதற்கு விலையாக ஜோடிகள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை என்ற விதியையும் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைக்கு உரிமை தர பெற்றோரின் படுக்கையறைக் கணக்கு அரசுக்கு எதற்கு என்று புரியவில்லை.

இனிஷியலும் கையெழுத்தும்

சான்றிதழ் விஷயத்தில் நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. மணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும், தந்தை பெயரைக் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில், தனிப் பெற்றோரோ மணமாகாத தாயோ தாங்களே பிறப்பைப் பதிவு செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பான் கார்டுக்கு 2018 டிசம்பரிலிருந்து, தாய் மட்டுமே பெற்றோர் என்றால் தந்தை பெயர் வேண்டாம். பள்ளியில் இனிஷியல் கேட்டு முகம் சுளிக்கும் கிளார்க்கிடம் இவ்வளவும் எடுத்துச் சொல்லத் தாய்க்குத் தெம்பு வேண்டும், அது வேறு கதை. அப்பா பெயர் இல்லாமல் சான்றிதழ் வாங்குவதால் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை போய்விடாது. பிறகு தந்தைமை நிரூபணமானால் தீர்ப்பை வைத்துப் பதிவைத் திருத்தக் கேட்கலாம்.

காப்பாளர் உரிமையில் ஒரு வேடிக்கை. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தில், மணமான தம்பதியின் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் "தந்தை, அவருக்குப் பின் தாய்". தாயை இப்படி இரண்டாம் இடத்தில் வைத்ததை எதிர்த்து எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்குப் போட்டு, தந்தை உயிரோடு இருந்தும் பொறுப்பில் இல்லாவிட்டால் தாயும் காப்பாளராகலாம் என்று 1999இல் விளக்கம் வாங்கினார். மணமாகாத தாய்க்கு அந்தப் போராட்டம் தேவைப்படவில்லை. அவர் பிள்ளைக்குச் சட்டமே "தாய், அவருக்குப் பின் தந்தை" என்று வைத்திருக்கிறது. பொறுப்பு முழுவதும் அவர் தலையில் என்ற பழைய அவமதிப்பு, இன்றைக்கு உரிமையாக உதவுகிறது.

அதே 2015 தீர்ப்பின் பின்னணியும் இதுதான். கிறிஸ்தவரான, வேலையில் இருக்கும் ஒரு தாய் தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் 2010இல் பிறந்த மகனை நாமினியாகக் காட்ட விரும்பினார். காப்பாளர் என்ற உத்தரவு வேண்டியிருந்தது. தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பு, பெயரைச் சொல் என்றது கீழ் நீதிமன்றம். அவர் மறுத்தார், மனு தள்ளுபடி. டெல்லி உயர் நீதிமன்றமும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைமேல் அக்கறை காட்டாத தந்தைக்கு நோட்டீஸ் அவசியமில்லை, அவர் பெயரைச் சொல்லும்படி தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

அந்தத் தீர்ப்பு தந்தைக்குக் கதவைப் பூட்டவில்லை. பிற்பாடு அவர் உண்மையான அக்கறையோடு வந்தால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் உத்தரவை மாற்றக் கேட்கலாம், பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்கலாம். தாய் மறுத்தால் தந்தைமையை நிரூபிக்கும் சுமை இப்போது அவர்மேல். பிரசவச் செலவுக்குக் கட்டிய பில், தடுப்பூசி அட்டையில் இருக்கும் அவர் போன் நம்பர், பள்ளிக் கட்டண ரசீது என்று அவருக்கும் தாய் சேர்த்து வைக்கிற அதே காகிதங்கள்தான் வேண்டும். பிள்ளை வளர்ந்த பிறகு வந்தால் நீதிபதி இன்னொருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்கலாம். விவரம் தெரிந்த வயது வந்த பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்க அந்த 1890 சட்டத்தின் 17ஆவது பிரிவு இடம் தருகிறது.